குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் பாதுகாப்புக்காக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கடிதங்களில், ஒரே கவலையை வெவ்வேறு பக்கங்களிலிருந்து எழுப்பிய ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். சுட்ட குண்டு குறியைத் துளைத்துக்கொண்டோ குறியைத் தவறவிட்டோ சென்று, அப்பால் இருக்கும் ஒரு பாவமும் அறியாதவரைத் தாக்கிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே அந்தக் கவலை. பதில்களில், குழலிலிருந்து பறந்து செல்லும் உலோகத்தைக் குண்டு என்றும், அதுவும் வெடிமருந்தும் வெளிக்கூடும் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்றும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: பாடியில் நகை அடகுக் கடை நடத்துகிறேன். உரிமம் பெற்ற .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். அண்ணா நகர் மேற்கில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகளுடன் வசிக்கிறேன். இரவில் யாரேனும் உள்ளே புகுந்து நான் சுட நேர்ந்தால், குண்டு அடுத்த அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகாமல் இருக்க எந்த வகைத் தோட்டாவை வாங்க வேண்டும்?
– வாசகர், அண்ணா நகர் மேற்கு

பதில்: ஐயா, கேள்வியைச் சரியான நேரத்தில், அதாவது எதுவும் நடப்பதற்கு முன்பே, கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைக்குக் கிடைக்கும் தோட்டா என்ன செய்யும் என்பதிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் .32 ரிவால்வருக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் என்னும் வகை. அதன் குண்டு ஏறத்தாழ 6.3 கிராம் எடையுள்ள, முனை உருண்ட ஈயக் குண்டு. நொடிக்கு 215 மீட்டர் அளவிலான வேகத்தில் குழலை விட்டு வெளியேறி, 150 ஜூலுக்குச் சற்று முன்பின்னான ஆற்றலைச் சுமந்து செல்லும். காவல் துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. குண்டின் ஆற்றல் 490 ஜூலை ஒட்டியது என்பதோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஆற்றல் குறைவு என்பதால் ஊடுருவலும் அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முனை உருண்ட குண்டு உடலுக்குள் விரிவதில்லை. தன் வடிவத்தைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளாமல் ஒரே விட்டத்தில் வழி செய்துகொண்டு போகும். ஆகவே வேகம் குறைந்த இந்தக் குண்டுகூட ஒருவரின் உடலைக் கடந்து மறுபுறம் வெளியேறக்கூடும்.

வெளிநாட்டினர் எழுதும் ஆலோசனைகளில் இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் குண்டு. அது பற்றி இன்னொரு வாசகியின் கேள்வியில் விரிவாகப் பேசியிருக்கிறோம். உங்களுக்கு அது பெரிதாக உதவாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதாக, இங்குள்ள உரிமம் பெற்ற கடைகளில் .32 லாங் வகையில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் சாதாரண ஈயக் குண்டுதான். இரண்டாவதாக, இவ்வளவு குறைந்த வேகத்தில் செல்லும் சிறிய குண்டு, முனையில் குழி இருந்தாலும் நம்பகமாக விரிவதில்லை. விரியாதபோது அது சாதாரணக் குண்டைப் போலவே ஊடுருவும். விரிந்துவிட்டால், சிறிய குண்டு என்பதால், போதிய ஆழம் செல்லாமல் நின்றுவிடும். இலக்குப் போட்டியாளர்கள் பயன்படுத்தும், முனை தட்டையான வாட்கட்டர் குண்டு உருண்ட முனைக் குண்டைக் காட்டிலும் சற்று விரைவில் வேகத்தை இழக்கும். ஆனாலும் அந்த வேறுபாடு உங்கள் பேரக் குழந்தைகளின் பாதுகாப்பை அதன் மேல் சுமத்தும் அளவுக்குப் பெரியதன்று. அதை யாராவது விளையாட்டு வீரரிடமிருந்து கைமாற்றாகப் பெறலாமா என்ற எண்ணம் வந்தால் அதை உடனே விட்டுவிடுங்கள். உங்கள் உரிமத்தில் பதிவாகாத தோட்டா உங்களிடம் இருப்பதே குற்றம்.

இனி சுவருக்கு வருவோம், ஏனெனில் உங்கள் கேள்வியின் உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் ஊடுருவலைப் பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை; எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அத்தகைய சுவர்கள் பலவற்றை அடுத்தடுத்துத் துளைத்துவிடும். சென்னையில் சற்றுப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் நாலரை அங்குலச் செங்கல், இருபுறமும் சிமென்ட் பூச்சு. நல்ல நிலையில் உள்ள அத்தகைய சுவரை .32 ரிவால்வர் குண்டு துளைத்துக்கொண்டு போகாது. பழைய மாம்பலம், மயிலாப்பூர் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் இன்னும் தடிமனானவை. பழைய மகாபலிபுரம் சாலையில் எழும்பியுள்ள உயர் மாடிகள் சிலவற்றில் உள்சுவரே கான்கிரீட்டாக இருக்கிறது. ஆனால் கடந்த பல ஆண்டுகளாக காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட்டாலான, எடை குறைந்த ஏ.ஏ.சி. கட்டிகளும், நடுவில் வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்குகளும் பரவலாகிவிட்டன. ஏ.ஏ.சி. கட்டி ஆணி அடித்தாலே இறங்கும் அளவுக்கு மென்மையானது. செங்கலின் மேல் வைக்கும் நம்பிக்கையை அதன் மேல் வைக்க முடியாது. ஒரு பெரிய அறையை இரண்டாகப் பிரிக்கப் பிற்காலத்தில் போட்ட ஜிப்சம் அல்லது பிளைவுட் தடுப்பு, குண்டைப் பொறுத்தவரை ஒரு திரைச்சீலைக்குச் சமம். உங்கள் வீட்டின் எந்தச் சுவர் எதனால் ஆனது என்பதைக் கட்டடத்தைக் கட்டியவரிடமோ சங்கச் செயலாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செங்கல் வீட்டில் குண்டு வெளியேறும் வழிகள் கதவும் சன்னலும் பால்கனியும்தான். படுக்கையறைகளுக்குப் போடப்படும் ஃப்ளஷ் கதவு .32 குண்டை நிறுத்தாது. சன்னல் கண்ணாடியும் கொசுவலையும் அதைத் தடுக்கவே தடுக்கா. மூன்றாம் தளத்தின் பால்கனி வழியாக வெளியேறும் குண்டு எதிரே உள்ள குடியிருப்பை நோக்கியோ தெருவை நோக்கியோ போகும். அண்ணா நகரில் அந்த இரண்டு திசைகளிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

இன்னொரு ஆபத்தைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கடினமான பரப்பின் மேல் சாய்வாகப் படும் குண்டு நின்றுவிடுவதில்லை. தெறித்துத் திசை மாறிச் செல்லும். அப்படித் தெறித்த குண்டு அந்தப் பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் ஓடுவது வழக்கம். கிரானைட் தரையும் கான்கிரீட் தூண்களும் நீண்ட நடைகூடமும் உள்ள நம் வீடுகளில், நடைகூடத்தின் ஒரு முனையிலிருந்து சுடும் குண்டு சுவரைத் துளைக்காமலேயே மறுமுனையில் இருக்கும் கதவை அடைந்துவிடலாம். அமெரிக்க வீட்டில் சுவரைத் துளைப்பது முதல் கவலை என்றால், சென்னை வீட்டில் தெறிப்பும் திறந்த வழிகளும் முதல் கவலை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் வெளிநாட்டுப் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, குறி தவறுவது. பயிற்சி பெற்ற காவலர்கள்கூட நேரடி மோதலில் சுடும் குண்டுகளில் பெரும்பகுதி குறியில் படுவதில்லை. அச்சத்தில் கை நடுங்கும். அரை இருட்டில் தொலைவு புலப்படாது. உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு ஏற்கெனவே வேகத்தின் பெரும்பகுதியை இழந்திருக்கும். குறி தவறிய குண்டோ முழு வேகத்துடன் போகும். ஆகையால் எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு முன், எங்கே நின்று எந்தத் திசையில் என்ற கேள்வி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பகல் வேளையில், ரிவால்வரைப் பூட்டிய பெட்டியிலேயே விட்டுவிட்டு, வீட்டை ஒருமுறை நடந்து பாருங்கள். வாசல் கதவுக்கும் உங்கள் படுக்கையறைக்கும் இடையிலான நேர்கோட்டை நீட்டினால் அது எங்கே போய் முடிகிறது, மகனும் மருமகளும் படுக்கும் அறை எந்தப் பக்கம், குழந்தைகளின் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது, மின்தூக்கி முன்னுள்ள பொது இடம் எந்தக் கதவுக்கு அப்பால் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த நிலையிலும் சுடவே கூடாத திசைகள் எவை என்பதைக் குடும்பத்தினர் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு, எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டிய ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கதவுக்கு உள்ளிருந்து உறுதியான தாழ்ப்பாள் போடுங்கள். கைபேசி அங்கே இருக்கட்டும். ஓசை கேட்டதும் அந்த அறைக்குள் சென்று தாழிட்டு 112 அல்லது 100 என்ற எண்ணை அழைப்பது, இருட்டில் ரிவால்வருடன் வீட்டைச் சுற்றி வருவதை விடப் பன்மடங்கு பாதுகாப்பானது. உள்ளே வருபவர் யார் என்பதைக் கண்ணால் உறுதி செய்யாமல் ஒருபோதும் விசையைத் தொடக் கூடாது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மருமகளும் அதே இருட்டில்தான் நடந்து வருவார்.

தோட்டாவைப் பொறுத்தவரை நான் சொல்வது இவ்வளவே: உங்கள் ரிவால்வருக்கு உரிய வகையைப் புதிதாக, உரிமம் பெற்ற கடையில், உரிமத்தில் பதிவு செய்து வாங்குங்கள். .32 ஏ.சி.பி. என்னும் பிஸ்டல் தோட்டா பெயரில் ஒத்திருந்தாலும் வேறு வகை. அதை இதில் இடவே கூடாது. சென்னையின் ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தோட்டாவில் வெடிமருந்து வலுவிழந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும். அனுமதி பெற்ற சுடுதளத்தில், நீங்கள் வைத்திருக்கும் அதே வகைத் தோட்டாவால், பயிற்றுநர் முன்னிலையில் முறையாகப் பயிற்சி செய்யுங்கள். குறி தவறாத கையே ஊடுருவல் ஆபத்தை எல்லாவற்றையும் விட அதிகமாகக் குறைக்கிறது.

கேள்வி: சாதாரணத் தோட்டாவின் முனையை அரத்தால் தேய்த்தோ, குறுக்கும் நெடுக்குமாக வெட்டு போட்டோ வைத்தால் அது உடலுக்குள்ளேயே சிதறி நின்றுவிடும், சுவரைத் துளைக்காது என்று என் தாய்மாமன் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: செய்யவே கூடாது, தம்பி. உங்கள் மாமாவையும் செய்ய விடாதீர்கள். செப்பு உறை கொண்ட குண்டின் முனையை வெட்டினால், சுடும்போது உள்ளிருக்கும் ஈயம் மட்டும் உறையை விட்டுப் பிதுங்கி வெளியேறி, உறை குழலிலேயே தங்கிவிடக்கூடும். அடுத்த முறை சுடும்போது குழல் கிழிந்து சுடுபவரின் கையும் முகமும் சிதையும். உறையில்லாத ஈயக் குண்டாக இருந்தாலும், கையால் வெட்டிய முனை சமச்சீராக இராது. குண்டு நேராகச் செல்லாமல் விலகிப் போகும், அதாவது நீங்கள் எந்த ஆபத்தைக் குறைக்க நினைத்தீர்களோ அதுவே கூடும். வெட்டிய குண்டு நீங்கள் விரும்பியபடி விரியும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை.

கல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் முனை திறந்த குண்டுகள் உருவாக்கப்பட்டதும், போரில் அத்தகைய விரியும் குண்டுகளைப் பயன்படுத்துவதை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்ததும் வரலாறு. உங்கள் மாமா கேள்விப்பட்டது அந்தக் கதையின் எச்சமாக இருக்கலாம். அந்தக் குண்டுகள் தொழிற்சாலையில் உருவானவை. அரத்தால் தேய்த்தவை அல்ல. தோட்டாவைத் தயாரிப்பதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் வேண்டும். வீட்டுத் திண்ணையில் அதைத் திருத்தி அமைப்பவர் நீதிமன்றத்தில் என்ன சொல்லித் தப்ப முடியும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகள் குடும்பத்துடன் ஹூஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில் இருக்கிறாள். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த பிறகு மருமகன் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வாங்கியிருக்கிறார். அந்த வீட்டுச் சுவர்களைத் தட்டினாலே அட்டைப் பெட்டி போல ஓசை வருகிறது. பேத்தி அடுத்த அறையில்தான் தூங்குகிறாள். அங்கே எல்லா வகைத் தோட்டாவும் கிடைக்கும் என்கிறார்கள். எதை வாங்கச் சொல்லலாம்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை. அந்தச் சுவர் ஜிப்சம் பலகைதான். அதைக் குண்டை நிறுத்தும் சுவராக எண்ணவே கூடாது என்பதை முதலில் மருமகனிடம் சொல்லுங்கள்.

9 மி.மீ. தோட்டாவில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முழுதும் செப்பு உறை போர்த்திய ஃபுல் மெட்டல் ஜாக்கெட் குண்டு பயிற்சிக்கு உரியது, விலை குறைந்தது, உடலை எளிதில் கடந்து வெளியேறும். அதை வீட்டுப் பாதுகாப்புக்கென்று வைத்திருக்கக் கூடாது. ஹாலோ பாயின்ட் குண்டு உடலில் பட்டதும், முனைக் குழிக்குள் புகும் திரவத்தின் அழுத்தத்தால் குடை விரிவது போல விரிந்து, அகன்ற முகத்தால் வேகத்தை விரைவில் இழந்து, பெரும்பாலும் உடலுக்குள்ளேயே நின்றுவிடும். நியூயார்க் மாநகரக் காவல் துறை 1998-இல் முழு உறைக் குண்டை விட்டு ஹாலோ பாயின்ட்டுக்கு மாற முடிவு செய்தபோது சொன்ன முதன்மைக் காரணம், அருகில் இருக்கும் பொதுமக்களின் பாதுகாப்பே. ஆகவே மருமகனின் பிஸ்டலில் இருக்க வேண்டியது தரமான ஹாலோ பாயின்ட் தோட்டா.

எவ்வளவு ஆழம் சென்று நிற்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த மோதலில், ஒரு முகவரின் 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு கொள்ளையர் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து, இதயத்தை எட்டுமுன்பே நின்றுவிட்டது. அதன் பிறகும் அந்தக் கொள்ளையர் சுட்டுக்கொண்டே இருந்தார். முகவர்கள் இருவர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை முறையில், உடல் தசைக்கு ஈடாக வைக்கும் 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை சென்று நிற்க வேண்டும். வெற்றுக் கட்டியில் மட்டுமன்றி, தடித்த துணி, ஜிப்சம் பலகை, பிளைவுட், எஃகுத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னும் இந்த அளவு பார்க்கப்படுகிறது. தோட்டா தயாரிப்பாளர்கள் பலர் இந்தச் சோதனை முடிவுகளை வெளியிடுகிறார்கள். வெற்றுக் கட்டியிலும் துணிக்குப் பின்னும் 12 அங்குலத்தைத் தாண்டி, ஆனால் 18-ஐ நெருங்காமல் நிற்கும் தோட்டாவை மருமகன் தேர்ந்தெடுக்கட்டும். அதிலும், அவருடைய பிஸ்டலில் சிக்காமல் ஓடுகிறது என்பதைச் சுடுதளத்தில் உறுதி செய்த பிறகே அதை நம்ப வேண்டும்.

பாதுகாப்பானது என்ற பெயரோடு விற்கப்படும் சில வகைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய உறைக்குள் சிறு ஈயப் பால்ரஸ்களை நிரப்பிய குண்டுகள் 1970-களிலிருந்து விற்பனையில் உள்ளன. அவை உடலில் ஆழமாகச் செல்வதில்லை என்பது உண்மை, ஆனால் அந்தக் குறைவு மயாமியில் நேர்ந்த அதே குறைவு. செப்புத் தூளை அழுத்திச் செய்த ஃபிரான்ஜிபிள் குண்டு எஃகுத் தகட்டில் பட்டால் பொடியாகும். பயிற்சித் தளத்தில் தெறிப்பைக் குறைக்கவே அது உருவானது. ஜிப்சம் பலகை அதைப் பொடியாக்கும் அளவுக்குக் கடினமானதன்று. எனவே அது முழுக் குண்டாகவே மறுபுறம் வந்துவிடக்கூடும்.

இப்போது உங்களை வருத்தும் பகுதிக்கு வருகிறேன். ஹாலோ பாயின்ட்டின் நற்பண்பு முழுவதும் குறியில் பட்டால்தான். குறி தவறிச் சுவரில் பட்டால், முனைக் குழியை ஜிப்சம் தூள் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குண்டு விரிவதில்லை. அதன் பிறகு அது முழு உறைக் குண்டைப் போலவே அடுத்தடுத்த சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். குழிக்குள் மென்மையான பாலிமர் முனை பொருத்திய வகைகள் இந்த அடைப்பை ஓரளவு தவிர்க்கின்றன. ஆனால் அவையும் சுவரைத் துளைக்காமல் இருப்பதில்லை. ஒருவரைத் தடுக்கும் ஆற்றல் உள்ள எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஜிப்சம் சுவரைத் துளைக்கும். பேத்தியின் அறையைக் காப்பாற்றும் தோட்டா என்று ஒன்று கடையில் இல்லை, அம்மா. கட்டிலை வேறு சுவருக்கு மாற்றுவதும், மருமகன் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரையிலான கோடு அந்த அறையை வெட்டாதபடி ஏற்பாடு செய்வதும், முடிந்தால் இரவில் எல்லோரும் ஒரே பக்கத்து அறைகளில் தூங்குவதும் தோட்டாவை விட அதிகம் காக்கும். புத்தகங்கள் நெருக்கமாக அடுக்கிய கனமான அலமாரியை அந்தச் சுவரில் வைப்பதும் நல்லதே, அதை முழுத் தடுப்பாக நம்பாதவரை.

இரண்டு செய்திகளை மகளிடம் தனியாகச் சொல்லுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மருமகன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை இன்றே சரிபார்க்க வேண்டும். அடுத்தது, டெக்சாஸ் சட்டத்தில், தோட்டா நிரம்பிய துப்பாக்கியை அசட்டையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்குக் கிடைத்துவிட்டால் அது தண்டனைக்குரியது. கைரேகையிலோ எண் பூட்டிலோ திறக்கும் சிறிய பெட்டகம் ஒன்று படுக்கையருகே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அது வரும்வரை அந்தப் பிஸ்டல் வீட்டில் இருப்பதை நான் விரும்பவில்லை.

கேள்வி: செங்குன்றத்துக்கு அப்பால் எங்களுக்குத் தோட்டமும் வீடும் இருக்கின்றன. அப்பா காலத்து 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயரில் உரிமம் மாற்றப்பட்டுள்ளது. எல்.ஜி. தோட்டா போடுவதா, 6-ஆம் எண் போடுவதா? காவலாளி குடும்பம் சற்றுத் தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருக்கிறது.
– வாசகர், மாதவரம்

பதில்: காவலாளி குடும்பத்தை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. எல்.ஜி. பால்ரஸ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மி.மீ. விட்டம் உள்ளது, ஒரு தோட்டாவில் அப்படிச் சில உருண்டைகள் ஒரே நேரத்தில் கிளம்பும். அவற்றில் ஒன்றிரண்டு குறியில் படாமல் போவது எளிது. போகும் ஒவ்வொன்றும் ஒரு கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானது. ஆஸ்பெஸ்டாஸ் தகடோ தகரமோ பலகைக் கதவோ அதை நிறுத்தாது. ஒற்றைக் குண்டு கொண்ட பால் தோட்டா இன்னும் மோசம். வீட்டுப் பாதுகாப்பில் அதற்கு இடமே இல்லை. மறுபுறம், 6-ஆம் எண் பால்ரஸ் 2.6 மி.மீ. அளவே உள்ள பறவை வேட்டைக்கான ரவை. அது வேகத்தை விரைவில் இழப்பதால் சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. உடலுக்குள்ளும் சில அங்குலங்களே செல்லும். அறைக்குள் இருக்கும் தொலைவில் அதுவும் உயிரைப் பறிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் நிலையில், காவலாளி வீடு எந்தத் திசையில் இருக்கிறதோ அதையே முதன்மையாகக் கொண்டு, எல்.ஜி.யைத் தவிர்த்து, பி.பி. போன்ற நடுத்தர அளவையோ அதற்கும் சிறியதையோ வைத்திருப்பது பொருத்தம் என்பது என் கருத்து. தடுக்கும் ஆற்றலில் சிறிது விட்டுக்கொடுக்கிறீர்கள். குழந்தைகள் தூங்கும் ஒரு கூரை எதிரே இருக்கும்போது அந்த விட்டுக்கொடுப்பு நியாயமானது.

இரட்டைக் குழல் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், பால்ரஸ் பரவிப் படும் என்று கிராமங்களில் சொல்வார்கள். அது தவறு. பத்தடி, பதினைந்தடி தொலைவில் பால்ரஸ் கூட்டம் அதிகம் பரவாது. நாற்பது கஜத்தில்தான் அது அகலமாக விரியும்; அந்தத் தொலைவில் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று சொல்ல வாய்ப்பே குறைவு. உங்கள் துப்பாக்கி, நீங்கள் வாங்கிய தோட்டாவை எந்தத் தொலைவில் எவ்வளவு பரப்புகிறது என்பதைச் சுடுதளத்தில் பெரிய தாளின் மேல் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி பழையது என்பதால், அதற்கு முன் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் குழலையும் பூட்டையும் காட்டிவிடுவதும், குழலில் குறித்துள்ள, தோட்டா இடும் அறையின் நீளத்துக்கு மேற்பட்ட நீளமுள்ள தோட்டாவை இடாமல் இருப்பதும் அவசியம்.

கேள்வி: தற்காப்புக்காகச் சுட்ட குண்டு பக்கத்து வீட்டுக்காரர் மேல் பட்டுவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? தற்காப்பு உரிமை அதையும் மூடுமா?
– வாசகர், கோடம்பாக்கம்

பதில்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 44-ஆம் பிரிவு. உயிர் போகும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதலுக்கு உள்ளானவர், குற்றமற்ற ஒருவருக்குத் தீங்கு நேரக்கூடிய ஆபத்தை மேற்கொள்ளாமல் தம்மைக் காத்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருந்தால், அந்த ஆபத்தை மேற்கொள்ளும் அளவுக்கு உரிமை நீள்கிறது என்று அது சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் இருந்ததும் இதுவே.

இதைப் பரந்த பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு வழியே இல்லை என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருக்கிறது. 37-ஆம் பிரிவு, காவல் துறையின் உதவியை நாட நேரம் இருந்தபோது தற்காப்பு உரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் திருடனை நோக்கிப் பால்கனியிலிருந்து சுட்டு, குண்டு எதிர்வீட்டில் பட்டால், 44-ஆம் பிரிவு துணைக்கு வருவது மிகக் கடினம். அப்போது, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கான 125-ஆம் பிரிவும், உயிர் போயிருந்தால் புதிய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கும் 106-ஆம் பிரிவும் எதிரே நிற்கும். அச்சுறுத்தவென்று வானத்தை நோக்கிச் சுடுவதும் பாதுகாப்பான வழியன்று. மேலே போன குண்டு எங்கோ ஒரு மொட்டைமாடியில் இறங்கத்தான் செய்யும். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாகச் சுடுவதை 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஆயுதச் சட்டமே தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வகுத்துள்ளது.

வழக்கு வந்தால், நீங்கள் எந்தத் தோட்டாவை வைத்திருந்தீர்கள் என்பதும், அது உங்கள் உரிமத்தில் பதிவானதா என்பதும், எந்தத் திசையில் எத்தனை முறை சுட்டீர்கள் என்பதும், 112-ஐ எப்போது அழைத்தீர்கள் என்பதும் ஒவ்வொன்றாக ஆராயப்படும். சுட நேர்ந்துவிட்டால், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் யாருக்கும் அடிபட்டிருக்கிறதா என்பதை உடனே கேட்டறிந்து, 108 ஆம்புலன்ஸையும் காவல் துறையையும் அழையுங்கள். வெற்றுக் கூடுகளை எடுக்காமல், சுவரில் பட்ட தடங்களைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிய பிறகு முழு வாக்குமூலம் கொடுங்கள்.